டெல்லிக்குப் போகிற எம்.எல்.ஏ. ராஜினாமா செய்துவிட்டுப் போகட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தும் 'ஒரே நாடு, ஒரே தேர்தல்' பற்றி உங்கள் நாளிதழில் ஆதரித்தும் எதிர்த்தும் வரும் கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். ஆதரிப்பவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிச் சொல்வது இரண்டே விஷயம்தான். அடிக்கடி தேர்தல் வந்தால் செலவு, நடத்தை விதிகளால் அரசாங்க வேலை எல்லாம் நின்றுபோகிறது. இரண்டும் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் இதற்காக அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 2024 டிசம்பரில் மசோதா கொண்டுவந்து கூட்டுக் குழுவுக்கு அனுப்பியவர்கள், சாதாரணச் சட்டத்தில் நாலு வரி சேர்த்தாலே குறைந்துவிடக்கூடிய ஒரு வகைத் தேர்தலைப் பற்றி வாயே திறப்பதில்லை. பதவியில் இருக்கிற எம்.எல்.ஏ. ஒருவர் எம்.பி. தேர்தலில் நின்று, ஜெயித்து, தன்னைத் தேர்ந்தெடுத்த தொகுதியை அப்படியே விட்டுவிட்டுப் போவதால் வருகிற இடைத்தேர்தலைத்தான் சொல்கிறேன்.

நான் நாங்குநேரி தொகுதிக்காரன். களக்காட்டில் வாழைத்தார் கமிஷன் வியாபாரம். எந்தக் கட்சியிலும் இல்லை, எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன், அவ்வளவுதான். எங்களுக்கு 2019இல் இந்த அனுபவம் கிடைத்தது. அதை மற்ற தொகுதிக்காரர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த எச். வசந்தகுமாரைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்கள். அகஸ்தீஸ்வரத்துக்காரர், குமரி அனந்தனின் தம்பி, தமிழிசை சௌந்தரராஜனுக்குச் சித்தப்பா. வி.ஜி.பி. கடையில் விற்பனையாளராக இருந்து, 1978இல் சொந்தக் கடை போட்டு, தவணை முறையில் டி.வி.யும் மிக்ஸியும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர். அரசியலில் அவர் ஒரே ஜெயிப்பாக ஜெயித்தவர் கிடையாது. 2006இல் எங்கள் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்தார், 2011இல் எர்ணாவூர் நாராயணனிடம் தோற்றார், 2014இல் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதிக்குப் போய் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணனிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார், 2016இல் திரும்ப எங்களிடம் வந்து 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்றால் மூலையில் உட்கார்ந்துவிடுகிற ஆள் இல்லை. கல்யாண வீடு, துக்க வீடு எதுவானாலும் வந்து நிற்பார், சிரிப்பு மாறாது. அவரைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2019 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் அவரை மறுபடியும் கன்னியாகுமரியில் நிறுத்தியது. அப்போது அவர் எங்கள் எம்.எல்.ஏ. ஐந்து வருஷத்துக்கு என்று நாங்கள் ஓட்டுப் போட்டு மூன்று வருஷம்கூட முழுசாக முடியவில்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாங்குநேரி சட்டமன்றத் தொகுதி திருநெல்வேலி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறதே தவிர, கன்னியாகுமரிக்குள் இல்லை. ஆக, எங்கள் எம்.எல்.ஏ. எங்களை விட்டுப் போகலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானித்த தேர்தலில் எங்களுக்கு ஓட்டே கிடையாது. ஏப்ரல் 18ஆம் தேதி நாங்கள் வரிசையில் நின்று நெல்லைக்கு ஞானதிரவியத்தையா வேறு யாரையுமா என்று முடிவு செய்துகொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் நாகர்கோவில்காரர்களும் தக்கலைக்காரர்களும் எங்கள் எம்.எல்.ஏ.வை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொன். ராதாகிருஷ்ணனை அவர் 2,59,933 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2014 தோல்விக்குப் பிறகு அது அவருக்குப் பெரிய வெற்றிதான், சந்தேகமில்லை.

ஜெயித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒரே ஆள் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இருக்க முடியாது. எம்.பி. ஆனதாக அரசிதழில் வெளியான நாளிலிருந்து 14 நாளுக்குள் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்ய வேண்டும், செய்யாவிட்டால் எம்.பி. பதவி போய்விடும். 1950இல் போட்ட விதி அது. வசந்தகுமாரும் மே மாதக் கடைசியில் சபாநாயகர் தனபாலிடம் கடிதம் கொடுத்துவிட்டார். விதிப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. எனக்குக் கோபம் வருவதே அங்கேதான். ஜெயித்த பிறகு 14 நாள் கணக்குப் பார்க்கிற சட்டம், நிற்பதற்கு முன்னால் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

அதற்கப்புறம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் முக்கால்வாசி எங்களுக்கு எம்.எல்.ஏ. இல்லை. இடம் காலியான ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தினால் போதும் என்பது சட்டம். ஐந்து மாசம்தானே, அதில் என்ன குடி முழுகிப்போய்விட்டது என்று சென்னையில் இருப்பவர்கள் கேட்கலாம். அந்தச் சமயம் எங்கள் மாவட்டம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன், அப்புறம் கேளுங்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. தேர்தல் நடக்கவில்லை. மற்ற மாவட்டங்களுக்காவது 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது, பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் ஒன்றாகப் போனதால் எங்களுக்கு 2021 அக்டோபரில்தான் வந்தது. அதாவது அந்த 2019 கோடையில் வார்டு மெம்பர் கிடையாது, பஞ்சாயத்துத் தலைவர் கிடையாது, யூனியன் கவுன்சிலர் கிடையாது. எல்லாம் தனி அலுவலர்தான். இருந்த ஒரே ஒரு எம்.எல்.ஏ.வும் கிடையாது. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் புதிதாக ஜெயித்த எம்.பி.யிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பொதுவானவர், அதிலும் பாதி நாள் டெல்லியில்.

இன்னொன்று. மக்களவைத் தேர்தலால் தள்ளிப்போன துறைவாரி மானியக் கோரிக்கை விவாதங்கள் அந்த வருஷம் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலையில் நடந்தன. பொதுப்பணித் துறை, வேளாண்மை, வருவாய் எல்லாம் பேசுகிற கூட்டம் அது. எங்கள் பக்கத்தில் மணிமுத்தாறு கால்வாயின் மூணாவது ரீச் (கால்வாயின் ஒரு பகுதி), நாலாவது ரீச் என்று சொன்னால் சின்னப் பையனுக்குக்கூடப் புரியும். நாங்கள் கடைமடைக்காரர்கள். அணையில் தண்ணீர் இருந்தாலும் முதல் இரண்டு ரீச்சுக்குப் போனது போகத்தான் எங்களுக்கு. எந்த ரீச்சுக்கு எந்த வருஷம் முதலில் திறப்பது என்பதில் தொடங்கி, கால்வாயில் மண்டிக் கிடக்கும் செடியை வெட்டுவது வரைக்கும், சபையில் எழுந்து நின்று கேட்க ஒரு ஆள் வேண்டும். கேட்டால் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. கேட்கக்கூட ஆள் இல்லை என்பதுதான் விஷயம். கடைமடையில் இருக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சரி, இடைத்தேர்தல் வந்தது. செப்டம்பர் 21ஆம் தேதி அறிவிப்பு, அக்டோபர் 21 வாக்குப்பதிவு, 24 எண்ணிக்கை. ஒரு தொகுதிக்குத்தான் தேர்தல், ஆனால் நடத்தை விதி மாவட்டம் முழுவதற்கும். தென்காசி அப்போது இன்னும் தனி மாவட்டமாகப் பிரியவில்லை, அதனால் சங்கரன்கோவில், சிவகிரி வரைக்கும் அந்த விதிதான். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் நின்றுபோனது. புது வேலைக்கு டெண்டர் கிடையாது.

வியாபாரிகள் பட்ட பாட்டை எந்தப் பத்திரிகையும் சரியாக எழுதவில்லை. அந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் 7, தீபாவளி 27. அதாவது வாழைத்தாருக்கு நல்ல விலை கிடைக்கிற வாரங்கள் முழுக்கத் தேர்தல் விதிக்குள் மாட்டிக்கொண்டன. எங்கள் வியாபாரம் ரொக்கத்தில் நடப்பது. காலையில் விவசாயி தார் வெட்டிக் கொண்டுவந்து இறக்குவார். ஏத்தன் என்றால் எடைக்கு, ரசகதலி, கோழிக்கூடு என்றால் தாருக்கு என்று ஏலம் போகும். மலையாளத்துப் பக்கமிருந்து வரும் வியாபாரி லோடு ஏற்றிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பார். நாங்கள் கமிஷனைப் பிடித்துக்கொண்டு விவசாயிக்குப் பட்டுவாடா செய்வோம். ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் வைத்திருந்தால் ஆவணம் காட்ட வேண்டும் என்று ரோட்டில் தேர்தல் பறக்கும் படை நிற்கும். ஏலச் சீட்டு என்பது அரைத் தாளில் பென்சிலால் எழுதியது, அதை ஆவணம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என்னிடம் வழக்கமாக வாங்கும் வியாபாரி ஒருவர், பணம் பிடிபட்டு, அது தன் பணம்தான் என்று நிரூபிக்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். பணம் திரும்பக் கிடைத்துவிட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்துக்காகக் காத்திருந்த விவசாயிகள் தீபாவளிக்குத் துணி எடுக்க என்னிடம் வந்து கை நீட்டினார்கள். வாக்காளருக்குக் கொடுக்கக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனவர்கள் எந்த ரோட்டில் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த ரோட்டில் பறக்கும் படை நிற்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அமைச்சர்கள் வந்து முகாம் போட்டார்கள். நாங்கள் அதற்கு முன்பு பார்த்தே இராத துறைகளின் அமைச்சர்கள் எல்லாம் தெருத்தெருவாக வந்து வாழைப்பழம் உரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இந்தத் தேர்தல் உங்கள் மேல் திணிக்கப்பட்டது, உங்களை விட்டுவிட்டு ஓடியவர்களுக்குப் பாடம் கற்பியுங்கள் என்று அப்போது ஆட்சியில் இருந்த அ.தி.மு.க.வினர் பிரசாரம் செய்தார்கள். அது எடுபட்டது. காங்கிரஸ் வேட்பாளர் ரூபி மனோகரனை அ.தி.மு.க.வின் ரெட்டியார்பட்டி நாராயணன் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தார். அதே ரூபி மனோகரன் 2021இல் அதே தொகுதியில் ஜெயித்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 2019இல் மக்கள் யார்மேல் கோபத்தைக் காட்டினார்கள் என்று நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. (ஆளுங்கட்சிக்கு இடைத்தேர்தலில் இருக்கும் வசதியும் ஒரு காரணம்தான், அதையும் மறைக்கவில்லை.)

வாக்குப்பதிவு அன்று நடந்த ஒரு சம்பவம் இன்னும் எங்கள் ஊரில் பேச்சு. தொகுதியின் வாக்காளர் அல்லாத வெளியாட்கள் பிரசாரம் முடிந்ததும் வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியைச் சொல்லி வசந்தகுமாரை நாங்குநேரிப் பக்கம் போலீஸ் மறித்துக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய்விட்டது. பாளையங்கோட்டையில் இருக்கும் என் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன், இதுதானே ரோடு என்றார் அவர். ஐந்து மாதத்துக்கு முன்னால் வரை இந்தத் தொகுதிக்கே எம்.எல்.ஏ.வாக இருந்தவர், அன்றைக்குச் சட்டப்படி வெளியாள். எங்களுக்குச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

அவர் எம்.பி.யாகவும் அதிக நாள் இருக்கவில்லை. கொரோனா வந்து 2020 ஆகஸ்ட் 28இல் காலமானார். அது யார் கையிலும் இல்லாதது. கன்னியாகுமரிக்காரர்கள் 2021 மே வரை எட்டு மாதம் எம்.பி. இல்லாமல் இருந்து, சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மகன் விஜய் வசந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக 2019இல் இருந்து 2021க்குள் ஒரே ஒருவரின் இரண்டு தொகுதிகளிலும் காலியிடம், இரண்டிலும் இடைத்தேர்தல். இரண்டாவதை மன்னிக்கலாம், அது சாவு. முதலாவது அப்படியா?

வசந்தகுமார் ஒருவர் செய்த காரியம் இல்லை இது. எல்லாக் கட்சியிலும், எல்லா மாநிலத்திலும் இதுதான் நடக்கிறது. பஸ்ஸில் ஒரு சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு முன்னால் நல்ல சீட்டு காலியாகிறதா என்று பார்க்கப் போவார்களே, அப்படி எம்.எல்.ஏ. பதவியைப் போட்டுவைத்துவிட்டு டெல்லிக்கு முயற்சி செய்கிறார்கள். கிடைத்தால் அங்கே, கிடைக்காவிட்டால் பழைய இடம் பத்திரமாக இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 2019இல் ஒன்பது எம்.எல்.ஏ.க்களை காங்கிரஸ் அணி, இடதுசாரி அணி என்று இரண்டு அணியும் சேர்ந்து மக்களவைக்கு நிறுத்தின. ஜெயித்தவர்கள் நாலு பேர், வட்டியூர்க்காவு முரளீதரன், கோன்னி அடூர் பிரகாஷ், எறணாகுளம் ஹைபி ஈடன், அரூர் ஆரிஃப். நாலு இடத்திலும் எங்களோடு அதே அக்டோபர் 21ஆம் தேதி இடைத்தேர்தல். எறணாகுளத்தில் அன்றைக்குப் பேய் மழை, வாக்குச்சாவடிக்குள் முழங்கால் தண்ணீர். வட்டியூர்க்காவில் ஜெயித்த பிரசாந்த் அப்போது திருவனந்தபுரம் மேயர், அதனால் மேயர் பதவி காலியாகி அதற்கு வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று. தோற்ற ஐந்து பேரும் எதுவுமே நடக்காத மாதிரி சட்டமன்றத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். அதில் வீணா ஜார்ஜ் 2021இல் சுகாதார அமைச்சரே ஆகிவிட்டார். தோல்வி அவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதே கேரளத்தின் முஸ்லிம் லீக் தலைவர் குஞ்ஞாலிக்குட்டி கதை இன்னும் ருசியானது. 2016இல் வேங்கரை எம்.எல்.ஏ. மறு வருஷம் இ. அகமது காலமானதால் வந்த மலப்புரம் மக்களவை இடைத்தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆனார், வேங்கரையில் இடைத்தேர்தல். 2019இல் திரும்ப எம்.பி. 2021இல் மாநில ஆட்சி கைக்கு வரும் என்ற நம்பிக்கையில் எம்.பி. பதவியை ராஜினாமா செய்துவிட்டு வேங்கரைக்கே வந்து எம்.எல்.ஏ. ஆனார், மலப்புரத்தில் இன்னொரு இடைத்தேர்தல். ஆட்சி வரவில்லை. ஒன்று மட்டும் அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும், இரண்டாவது தடவை அவர் தேர்தலுக்கு முன்பே ராஜினாமா செய்தார், அதனால் மலப்புரம் இடைத்தேர்தலைச் சட்டமன்றத் தேர்தலோடு ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். உத்தரப் பிரதேசத்தின் அகிலேஷ் யாதவும் இதே ரகம்தான். 2022இல் எம்.எல்.ஏ. ஆவதற்காக ஆசம்கர் எம்.பி. பதவியை விட்டார், அங்கே நடந்த இடைத்தேர்தலில் அவர் கட்சி தோற்றது. 2024இல் கன்னோஜில் எம்.பி. ஆனதும் கர்ஹால் எம்.எல்.ஏ. பதவியை விட்டார், அங்கே ஒரு இடைத்தேர்தல்.

கர்நாடகத்தில் 2024 நவம்பரில் மூன்று தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் வந்தது. மூன்றும் எம்.எல்.ஏ.க்கள் எம்.பி. ஆனதால் வந்தவை. சிக்காவ் தொகுதியில் பசவராஜ் பொம்மையின் மகன் நின்றார், சென்னபட்டணாவில் குமாரசாமியின் மகன், சண்டூரில் துக்காராமின் மனைவி. பா.ஜ.க., ஜனதா தளம், காங்கிரஸ் என்று மூன்று கட்சி, செய்தது ஒரே வேலை. மகன்கள் இரண்டு பேரும் தோற்றார்கள், மனைவி ஜெயித்தார். தொகுதியை விட்டுவிட்டுப் போகும்போதுகூட வீட்டுச் சாவியை வெளியாளிடம் கொடுக்க மனசு வருவதில்லை.

எங்கள் பக்கம் 2024இல் இன்னொரு உதாரணம் பார்த்தோம். திருநெல்வேலி எம்.எல்.ஏ. நயினார் நாகேந்திரன் திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் பா.ஜ.க. சார்பில் நின்றார், காங்கிரஸின் ராபர்ட் புரூஸிடம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார், எம்.எல்.ஏ.வாகவே தொடர்ந்தார், அடுத்த வருஷம் மாநிலத் தலைவரும் ஆனார். ஜெயித்திருந்தால் நெல்லைக்காரர்களுக்கும் எங்கள் கதிதான். இதில் அவரைத் தனியாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சட்டம் அனுமதிக்கிறது, கட்சி நிற்கச் சொல்கிறது, நிற்கிறார்.

ஆனால் அதே 2024 தேர்தலில், அதே கன்னியாகுமரி மாவட்டத்தில், வேறு மாதிரி ஒன்று தற்செயலாக நடந்தது. விளவங்கோடு காங்கிரஸ் எம்.எல்.ஏ. விஜயதரணி பிப்ரவரியில் பதவியை விட்டுவிட்டு பா.ஜ.க.வுக்குப் போனார். வாக்காளர்களின் சௌகரியத்துக்காக அவர் அப்படிச் செய்யவில்லை, கட்சி மாறினால் எப்படியும் பதவி போய்விடும். அவருக்கு எம்.பி. சீட்டும் கிடைக்கவில்லை. ஆனால் தேர்தல் தேதி அறிவிப்பதற்கு முன்பே இடம் காலியானதால், விளவங்கோடு இடைத்தேர்தலையும் ஏப்ரல் 19ஆம் தேதி மக்களவைத் தேர்தலோடு சேர்த்தே நடத்திவிட்டார்கள். விளவங்கோட்டுக்காரர் ஒரே வரிசையில் நின்று, ஒரே மையை வைத்துக்கொண்டு, இரண்டு இயந்திரத்தில் பொத்தானை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். தனியாக நடத்தை விதி கிடையாது, தனியாகப் பறக்கும் படை கிடையாது, ஐந்து மாதம் காலி கிடையாது. காங்கிரஸின் தாரகை கத்பர்ட் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். இது ஒன்றுதான் நான் கேட்பது. எம்.பி. தேர்தலில் நிற்க ஆசைப்படும் எம்.எல்.ஏ. யாராக இருந்தாலும், மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வரும் முன்பே ராஜினாமா செய்திருந்தால்தான் அவருடைய வேட்புமனு செல்லும் என்று சட்டத்தில் எழுதிவிடுங்கள். இடைத்தேர்தல் வேண்டுமென்றால் அதே நாளில் நடக்கட்டும்.

இதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், டீக்கடையிலேயே கேட்டுவிட்டேன். ஒரு கட்சிக்காரர் சொன்னார், "அண்ணாச்சி, சீட்டு கிடைக்குமா கிடைக்காதான்னு மனுத் தாக்கலுக்கு முதல் நாள் ராத்திரி வரைக்கும் அவருக்கே தெரியாது, எப்படி முன்னாடியே ராஜினாமா பண்ணுவார்?" நியாயமான கேள்வி. ஆனால் அது கட்சிகளின் பழக்கத்தில் இருக்கிற கோளாறு. அவர்கள் கடைசி நேரம் வரை பட்டியலை மடியில் கட்டி வைத்திருப்பதற்கு நாங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? அப்படி ஒரு விதி வந்தால் ஒரு மாதம் முன்பாகவே பட்டியல் போடப் பழகிக்கொள்வார்கள். இரண்டாவது, ஆட்சிக்கு மெஜாரிட்டி இழுபறியாக இருக்கும்போது எம்.எல்.ஏ.க்களை ராஜினாமா செய்யச் சொல்ல முடியாது என்கிறார்கள். சொல்ல வேண்டாமே. அவர்களை விட்டுவிட்டு வேறு ஆளை நிறுத்தட்டும், ஒரு கட்சியில் எம்.எல்.ஏ.வைத் தவிர எம்.பி.க்கு நிற்க ஆளே இல்லை என்றால் அது என்ன கட்சி? மூன்றாவது, திறமையான சிலர் இப்படி விதி வந்தால் பயந்து டெல்லிக்குப் போகவே மாட்டார்கள் என்கிறார்கள். இருக்கலாம். போகாமல் எங்களுக்கே வேலை செய்யட்டும், வேண்டாம் என்றா சொல்லப்போகிறோம். தோற்றால் இரண்டும் போய்விடுமே என்று இரக்கப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டால் வேலையை விட்டுவிட்டுத்தான் மனுத் தாக்கல் செய்ய முடியும். தோற்றால் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. அவருக்கு ஒரு நியாயம், எம்.எல்.ஏ.வுக்கு ஒரு நியாயமா?

செலவை அவர்கள் தலையில் கட்டலாம் என்று ஒரு யோசனை பழையது. இரண்டு தொகுதியில் நின்று ஒன்றை விடுகிறவர்களைப் பற்றி 2004இல் தேர்தல் ஆணையம் பேசியபோது, ஒரு ஆளுக்கு ஒரு தொகுதிதான் என்று ஆக்குங்கள், முடியாவிட்டால் இடைத்தேர்தல் செலவுக்காகச் சட்டமன்றத் தொகுதிக்கு 5 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 10 லட்சம் கட்டச் சொல்லுங்கள் என்றது. எம்.எல்.ஏ. எம்.பி. ஆகிற விஷயத்துக்கும் அது பொருந்துமே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. எங்கள் எம்.எல்.ஏ. 2019இல் வேட்புமனுவோடு காட்டிய சொத்து 417 கோடி. அவருக்கு 5 லட்சம் என்பது ஒரு பொங்கல் ஆஃபர் விளம்பரச் செலவுகூட வராது. பணம் கட்டிவிட்டோமே, இனி என்ன என்று தைரியமாகப் போவார்கள், அவ்வளவுதான் நடக்கும். பணம் அவர்களைத் தடுக்காது, பதவி போய்விடும் என்ற பயம் தடுக்கும்.

அந்த இரண்டு தொகுதி விவகாரமே இன்னும் முடியவில்லை. 1996க்கு முன்பு எத்தனை தொகுதியில் வேண்டுமானாலும் நிற்கலாம், அந்த வருஷம்தான் இரண்டு என்று குறைத்தார்கள். ஒன்றாக்குங்கள் என்று சட்ட ஆணையம் 2015இல் சொன்னது. 2023 பிப்ரவரியில் இதற்கான பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டியது என்று சொல்லிவிட்டது. நாடாளுமன்றம் முடிவு செய்யும் என்று யார் நம்புவது? ஒரே நேரத்தில் எல்லாத் தேர்தலும் வந்தாலும் இது தீராது என்பதை உங்கள் கட்டுரையாளர்கள் கவனிக்கவில்லை. இன்றைய சட்டத்தில் ஒரே ஆள் ஒரே சமயத்தில் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் மனுப் போட எந்தத் தடையும் இல்லை. இரண்டும் ஒரே நாளில் நடந்தால் இரண்டிலும் நிற்பார்கள், இரண்டிலும் ஜெயித்தால் ஒன்றை விடுவார்கள், விட்ட இடத்தில் இடைத்தேர்தல் வரத்தான் செய்யும்.

காமராஜர் 1969இல் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் நின்று ஜெயித்ததை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மார்ஷல் நேசமணி காலமானதால் வந்த இடம் அது. 1967இல் விருதுநகரில் தோற்றிருந்ததால் காமராஜர் கையில் அப்போது எம்.எல்.ஏ. பதவிகூட இல்லை. தோற்றால் திரும்பிப் போக ஒரு இடமும் இல்லாமல்தான் வந்து ஓட்டுக் கேட்டார், மக்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஜெயிக்க வைத்தார்கள். அண்ணா 1967இல் தென்சென்னை எம்.பி.யாக ஜெயித்த கையோடு முதலமைச்சராகி அந்த இடத்தை விட்டதும், அங்கே இடைத்தேர்தலில் முரசொலி மாறன் ஜெயித்ததும் நடந்திருக்கிறது, அதையும் சொல்லாமல் விட்டால் நான் காங்கிரஸ்காரன் என்று யாராவது எழுதிவிடுவார்கள்.

சட்டத் திருத்தம் வரும்போது வரட்டும். அதற்குள் உங்கள் நாளிதழ் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, ஆசிரியர் அவர்களே. அடுத்த மக்களவைத் தேர்தல் 2029இல். அப்போது வேட்பாளர் பட்டியல் போடும்போது படிப்பு, சொத்து, வழக்கு என்று பெட்டி கட்டிப் போடுவீர்களே, அதோடு இன்னொரு கட்டத்தையும் சேர்த்துப் போடுங்கள். இப்போது எம்.எல்.ஏ.வா, எந்தத் தொகுதிக்கு, எந்த வருஷம் வரை அவர் பதவிக்காலம் இருக்கிறது, ராஜினாமா செய்துவிட்டாரா. இல்லை என்றால் ஏன் இல்லை என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்கட்டும், அவர் சொன்ன பதிலை அப்படியே போடுங்கள். முக்கியமாக, அந்தச் செய்தி அவர் எம்.பி.க்கு நிற்கிற ஊர்ப் பதிப்பில் மட்டும் வராமல், அவரை எம்.எல்.ஏ. ஆக்கிய ஊர்ப் பதிப்பிலும் வர வேண்டும். 2019இல் கன்னியாகுமரிச் செய்திகள் எல்லாம் நாகர்கோவில் பதிப்போடு நின்றுவிட்டன, எங்களுக்கு வந்த நெல்லைப் பதிப்பில் எங்கள் எம்.எல்.ஏ.வைப் பற்றி ஒரு மூலையில்தான் நாலு வரி வந்தது.

இப்படிக்கு,
நாங்குநேரி தொகுதி வாக்காளர் ஒருவர்,
களக்காடு.